பழைய கார்களின் பெற்றோல் குழாய்களைக் கவனியுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலை நகரிலும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கங்களிலும் பழைய கார்களைப் புதுப்பித்து ஓட்டும் ஆர்வம் இளைஞர்களிடையே வளர்ந்திருப்பது மகிழ்ச்சியளிக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர், கொட்டிலில் தூசி படிந்து கிடந்த மொறிஸ் மைனருக்கும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜுக்கும் மீண்டும் மதிப்பு வந்தது. ஆனால் மட்காட்டுக்குப் பூச்சடிக்கவும் இருக்கைகளுக்குப் புது உறை தைக்கவும் தாராளமாகச் செலவிடுபவர்கள், தாங்கியிலிருந்து, பெற்றோலைக் காற்றுடன் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்பரேற்றர் வரை செல்லும் பெற்றோல் குழாயைப் பல தசாப்தங்களுக்கு முன்னர் இருந்தபடியே விட்டுவிடுகின்றனர். வாகனம் தீப்பற்றக் காரணமாகக்கூடிய முக்கியமான பாகங்களுள் அதுவும் ஒன்று என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் உலோகக் குழாய்க்கு இரு பக்கத்திலும் பகை உண்டு. வாகனத்தின் அடிப்பாகத்தில் செல்லும் குழாயைக் கடற்காற்றின் உப்பு வெளியிலிருந்து அரிக்கிறது. உள்ளிருந்து அரிப்பது, நீண்டநாள் ஓடாத வாகனத்தின் அரைகுறையாக நிரம்பிய தாங்கியில் படியும் ஈரம். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டினால் மாதக்கணக்கில் நின்றுபோன பல கார்களின் தாங்கிகளில் அப்போது பிடித்த துரு, இன்றும் தூளாகக் குழாய்க்குள் வந்துகொண்டிருக்கிறது. ஆகவே தாங்கியைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் குழாயை மட்டும் மாற்றுவதில் பயனில்லை.

குழாயில் ஓட்டை விழுந்தால் பெற்றோல் சொட்டும், மணக்கும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தாங்கியிலிருந்து பெற்றோலை இழுக்கும் பம்புக்கு முன்னுள்ள பகுதியில், எஞ்சின் ஓடும்போது அப்படி நடப்பதில்லை. அந்தப் பகுதி உறிஞ்சப்படும் பகுதியாதலால், ஊசிமுனை அளவு துளை விழுந்தாலும் பெற்றோல் வெளியே வருவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே செல்லும். எஞ்சின் ஏற்றத்தில் திணறும். கராஜில் பிளக்கை மாற்றுவார்கள், கொயிலை மாற்றுவார்கள், கார்பரேற்றரைப் பிரித்துக் கழுவுவார்கள். குறை அப்படியே இருக்கும். மொறிஸ் மைனரில் உள்ள எஸ்.யு. என்ற நிறுவனத்தின் மின்பம்பு இதைக் காதுக்கே சொல்லிவிடும். தாங்கியில் பெற்றோல் இருக்கும்போதும் அது ஓயாமல் விரைவாக ‘டிக் டிக்’ என்று அடித்துக்கொண்டிருந்தால், குழாய் எங்கோ காற்றை இழுக்கிறதா என்பதையே முதலில் சோதிக்க வேண்டும்.

இளைஞர்கள் பலர் 1960களின் அமெரிக்க மசில் கார்களான, அதாவது வலுமிக்க எஞ்சின் கொண்ட கார்களான, மஸ்டாங், கமாரோ, செவெல் போன்றவற்றைத் திருத்தும் காணொளிகளைப் பார்த்து வேலை பழகுகிறார்கள். அவற்றிலிருந்து கற்க நிறைய உண்டு. அந்தப் பெரிய எட்டுச் சிலிண்டர் வி8 எஞ்சின்களுக்கு 3/8 அங்குல உருக்குக் குழாயைச் சட்டகத்தை ஒட்டியே வளைத்து, இறப்பர் பதித்த கிளிப்புகளால் இறுக்கிக்கொண்டு செல்லும் நேர்த்தி பின்பற்றத்தக்கது. ஆனால் பழைய கார்பரேற்றரை நீக்கி எரிபொருள் உட்செலுத்தும் முறைக்கு மாற்றுகையில் அந்தக் காணொளிகளில் வருபவர்கள் பூட்டும் மின்பம்பு, சதுர அங்குலத்துக்கு 40 முதல் 60 இறாத்தல் வரை அழுத்தம் தருவது. எஸ்.யு. கார்பரேற்றர் தாங்குவதோ சில இறாத்தல்களே. அழுத்தம் கூடினால், கார்பரேற்றருக்குள் பெற்றோல் வருவதை நிறுத்தும் ஊசி வால்வு மூடாது. பெற்றோல் பொங்கி வழியும். மைனரில் கார்பரேற்றருக்கு நேர் கீழேதான் சூடான புகைபோக்கிப் பகுதி இருக்கிறது என்பதை இளைஞர்கள் நினைத்துப் பார்க்கட்டும். வேறு மின்பம்பு பூட்டியே ஆகவேண்டுமெனில் குறைந்த அழுத்தம் தருவதையே வாங்கி, மோதலின்போது தானாக மின்னைத் துண்டிக்கும் சுவிட்சையும் சேர்த்துப் பூட்ட வேண்டும்.

குழாய்க்குரிய பொருளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அண்மையில் என்னிடம் கொண்டுவரப்பட்ட ஒரு காரில், கராஜ் ஒன்றில் பூட்டப்பட்டிருந்த தெளிவான பிளாஸ்டிக் ரியூப் மஞ்சளாகி, கடினப்பட்டு, கையில் எடுத்ததும் காய்ந்த குச்சியைப்போல் முறிந்தது. முனையை இறுக்கியிருந்தது கட்டுக்கம்பி. அந்த நிலையில் அந்தக் கார் குடும்பத்துடன் கந்தளாய்க்குப் போய் வந்திருந்தது. இறப்பர்க் குழாய் வாங்கும்போது அதன் மேல் அமெரிக்க வாகனப் பொறியியலாளர் சங்கத்தின் எஸ்.ஏ.ஈ. ஜே30 ஆர்7 அல்லது அதனிலும் உயர்ந்த ஆர்9 என்ற தரக்குறி அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். குறியில்லாததை விலை மலிவென்று வாங்க வேண்டாம். இறப்பர் என்பது எஞ்சின் அசைவுக்கு ஈடுகொடுக்க வேண்டிய குறுகிய இடங்களுக்கு மட்டுமே. மற்றைய நீளம் முழுவதும் உலோகமாக இருக்க வேண்டும். தனிச் செம்பு வளைக்க எளிதென்றாலும் அதிர்வினால் நாளடைவில் இறுகி வெடிக்கும். உருக்கு வலிமையானது, ஆனால் துருப்பிடிக்கும். கப்பல்களில் கடல்நீர் ஓடும் குழாய்களுக்குப் பயன்படும் செம்பு-நிக்கல் கலப்புலோகம் எங்கள் உப்புக்காற்றுக்கு மிகப் பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து.

செல்லும் வழியைத் தீர்மானிப்பதே வேலையில் பாதி. வெப்பமான கச்சான் காற்று வீசும் மாதங்களில் கார் நடுவீதியில் நின்றுபோய், ஆறியபின் மீண்டும் ஓடுவதற்குப் பெரும்பாலும் காரணம், பம்புக்கு முன்னுள்ள குழாயில் பெற்றோல் ஆவியாகிவிடுவதுதான். உறிஞ்சும்போது அழுத்தம் குறைவதால் பெற்றோல் இன்னும் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். எனவே குழாயைச் சைலன்சருக்கு எதிர்ப்பக்கத்துச் சட்டகத்தின் வழியே கொண்டுசெல்ல வேண்டும். அருகே செல்வது தவிர்க்க முடியாத இடத்தில் இடையே தகடு வைத்து வெப்பத்தை மறைக்க வேண்டும். சட்டகத்தின் அடிவிளிம்புக்குக் கீழே குழாய் தொங்கக் கூடாது. தகட்டினூடாகச் செல்லும் துளைகளில் இறப்பர் வளையம் இட வேண்டும். வெட்டிய முனையின் பிசிறை நீக்கி, உள்ளே காற்றடித்துத் துகள்களை வெளியேற்றிய பின்னரே பூட்ட வேண்டும். இறப்பர் ஏறும் உலோக முனையில் சிறு மேடான வளையம் இல்லாவிட்டால், எவ்வளவு இறுக்கினாலும் அது நழுவும்.

இந்த வேலையைத் தொடங்குமுன் மின்கலத்தின் இணைப்பைக் கழற்றி, எஞ்சின் ஆறும்வரை காத்திருங்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கராஜ் குழிக்குள் இறங்கித் தேங்கும். குழிக்கு மேல் காரை நிறுத்திக்கொண்டு தாங்கியை வடிப்பதையும், அருகிலேயே வெல்டிங் வேலை நடப்பதையும் நகரில் கண்டிருக்கிறேன். கராஜ் உரிமையாளர்கள் இதை இன்றே நிறுத்த வேண்டும். திருமணங்களுக்குப் பழைய கார்களை வாடகைக்கு விடுபவர்கள், அடுத்த முகூர்த்த மாதம் தொடங்குமுன் தங்கள் வாகனங்களை உயர்த்தி, குழாயின் முழு நீளத்தையும் கையால் தடவிப் பார்க்குமாறு தங்கள் பத்திரிகையின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
பழைய கார் திருத்துநர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.