ஒரு வாக்குக் கதையை விடுங்கள், வித்தியாசத்தை அச்சிடுங்கள்

இந்தியத் தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் விழிப்புணர்வுப் பிரிவினருக்கு,

வணக்கம். தேர்தல் நெருங்கினால் போதும், ஒவ்வொரு வாக்கும் முக்கியம் என்று சொல்ல நாத்துவாரா தொகுதியின் கதை கிளம்பிவிடும். 2008 ராஜஸ்தான் சட்டமன்றத் தேர்தலில், முதல்வர் ஆவார் என்று பேசப்பட்ட சி.பி. ஜோஷி ஒரே ஒரு வாக்கில் தோற்றார். 2004இல் கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளியிலும் அதே ஒரு வாக்கு. இரண்டும் நடந்தவைதான். ஆனால் இத்தனை தேர்தல்களில் இரண்டைத் தேடிப்பிடித்துச் சொல்லும்போது, கேட்கிறவர் மனதில் எதிர்க்கணக்குதான் ஓடுகிறது: "அப்படியென்றால் மற்ற தொகுதிகளில் என் ஒரு ஓட்டு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்."

அவர் சொல்வதில் பாதி நியாயம். 2024 மக்களவைத் தேர்தலில் இந்தூரில் வென்றவருக்கும் அடுத்து வந்த வேட்பாளருக்கும் இடையே 11 லட்சத்துக்கு மேல் வித்தியாசம். காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்தில் விலகிக்கொண்டார், நோட்டாவுக்கே 2 லட்சத்துக்கு மேல் விழுந்தது. அங்கே போய் ஒரு வாக்கில் முடிவு மாறும் என்றால் சிரிப்பார்கள். தொகுதி முறையின் கோணல் வேறு இருக்கிறது. 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் 44 சதவீத வாக்கு வாங்கிய அதிமுகவுக்கு 39இல் 37 இடம். 23 சதவீதத்துக்கு மேல் வாங்கிய திமுகவுக்கு ஒன்றுகூட இல்லை. அந்த 23 சதவீதத்தில் ஒருவரிடம் "ஒவ்வொரு வாக்கும் முக்கியம்" என்று போஸ்டர் ஒட்டினால் அவர் என்ன நினைப்பார்?

மீதிப் பாதி அவருக்கு யாரும் சொல்வதில்லை. முடிவை மாற்றினால்தான் வாக்குக்கு மதிப்பு என்றால், இந்தூரில் வென்றவருக்கு விழுந்த ஒரு வாக்குக்கும் மதிப்பு இல்லை என்றாகிவிடும். எந்த ஒன்றை நீக்கினாலும் அவர் வென்றிருப்பாரே! தோற்ற வாக்கும் சும்மா போவதில்லை. உங்கள் விதிப்படியே, ஓர் இடம்கூட வெல்லாமல் 8 சதவீத வாக்கு வாங்கினால் மாநிலக் கட்சி அங்கீகாரம் உண்டு. நாம் தமிழர் கட்சிக்கு 2024 தேர்தலை வைத்து அப்படித்தான் கிடைத்தது. வேட்பாளரின் டெபாசிட் தப்புவதும், அடுத்த கூட்டணிப் பேச்சில் யாருக்கு எத்தனை சீட் என்பதும் இந்தத் தோற்ற வாக்குகளின் கணக்குதான்.

அப்புறம், நெருக்கமான தொகுதி என்றால் எனக்கு நாத்துவாராவைவிட ராதாபுரம்தான் நினைவுக்கு வரும். 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே வித்தியாசம் 49 வாக்கு. தள்ளுபடி செய்யப்பட்ட தபால் வாக்குகள் 203. வாக்காளர் போட்டது செல்லாமல் போனதற்குக் காரணம், தபால் வாக்கோடு வரும் உறுதிமொழியில் சான்றொப்பமிட்ட தலைமையாசிரியருக்கு அந்த அதிகாரம் கிடையாது என்று வாக்கு எண்ணும் இடத்தில் முடிவெடுத்தது. அதிகாரம் உண்டு என்று 2019இல் உயர் நீதிமன்றம் சொல்லி, மறு எண்ணிக்கையும் நடந்தது. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்துபோனது, முடிவு வெளிவரவில்லை. சோம்பலில் வீட்டில் இருந்தவர்களை அதட்டும் விளம்பரங்களில் இந்த 203 பேரைப் பற்றியும் ஒரு வரி இருக்கலாம். அவர்கள் போட்டவர்கள்.

சரி, என் கோரிக்கைக்கு வருகிறேன். வாக்குப்பதிவுக்கு முன் வீடு வீடாகத் தரும் பூத் சிலிப்பில் இரண்டு எண்களைச் சேருங்கள். ஒன்று, அந்தத் தொகுதியில் கடந்த முறை வெற்றி வித்தியாசம். மற்றது, கடந்த முறை வாக்களிக்காதவர்களின் எண்ணிக்கை. 2021இல் தியாகராய நகரில் வித்தியாசம் 137, வராதவர்களோ அதைப் போலப் பல நூறு மடங்கு. வராதவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் சாய மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். சாய வேண்டியதில்லை. 137ஐத் தாண்ட அவர்களில் ஒரு சிறு பங்கு ஒரு பக்கம் கூடினாலே போதும். வித்தியாசம் பெரிதாக இருக்கும் தொகுதியில் இது ஆளைச் சோர்வாக்குமே என்பீர்கள். ஆக்கட்டும். அங்கே வாக்காளருக்கு உண்மை தெரியும், கட்சிகளுக்கும் தாங்கள் எந்த ஊரை எட்டிப் பார்ப்பதில்லை என்பது அச்சில் தெரியும்.

புதிதாகக் கணக்கெடுக்க வேண்டியதில்லை, எல்லா எண்ணும் உங்களிடமே இருக்கிறது. 2024 மக்களவைத் தேர்தலில் வாக்குப்பதிவே நடக்காமல் உறுப்பினர் போட்டியின்றித் தேர்வான சூரத் போன்ற தொகுதிகளுக்கு மட்டும் வித்தியாசத்தின் இடத்தில் ஒரு கோடு போட வேண்டியிருக்கும். போட்டுவிடுங்கள், அதுவும் தகவல்தானே.

இப்படிக்கு,
ஒரு வாக்காளர்