மொய்க் கவர் யார் கைக்குப் போகிறது?

அன்புள்ள செல்வம்,

உன் மெயில் வந்து பத்து நாளாகிறது. சோம்பல் இல்லை, ஆபீஸில் மார்ச் மாதக் கணக்கு கழுத்தை நெரித்துவிட்டது. சரி, "பெங்களூரில் கால்பந்து உலகக் கோப்பை எப்போ நடக்கும் மாமா" என்று உன் பையன் கேட்டானே, அவனிடம் சொல், மாமா உயிரோடு இருக்கும்வரை நடக்க வேண்டாம் என்றுதான் வேண்டிக்கொள்கிறாராம்.

எனக்குக் கால்பந்து பிடிக்காமல் போய்விட்டதோ என்று நினைக்காதே. அல்சூர் பக்கம் கௌதமபுரத்தில் பெலே சிலைக்கு முன்னால் நாம் நின்று போட்டோ எடுத்தோமே, 2022 பைனல் அன்று அதே ஏரியாவில் ஒரு டீக்கடையில்தான் இருந்தேன். பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் சின்ன டிவி. 3-3 ஆகி ஆட்டம் பெனால்டிக்குப் போனபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, கடைக்காரர் உட்பட ஒருத்தரும் திரும்பவில்லை. பிரேசில் கட்சியான நானே அர்ஜென்டினாவின் மெஸ்ஸிக்காகக் கத்தினேன், வீட்டில் சொல்லாதே.

ஆனால் போட்டியை நடத்துவது வேறு கதை. நம் ஊர்க் கல்யாணம் மாதிரிதான்: பந்தல், மண்டபம், சாப்பாடு, போலீஸ் பந்தோபஸ்து எல்லாம் நடத்துகிற நாட்டின் தலையில், மொய்க் கவர் மட்டும் உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபாவிடம். டிவி உரிமை, ஸ்பான்சர், டிக்கெட் என்று பெரிய பணமெல்லாம் அங்கேதான் போகிறது, அதற்கு வரிச்சலுகை வேறு கேட்பார்கள். கத்தாரோடு முடிந்த நாலு வருஷத்தில் அவர்களுக்கு 750 கோடி டாலருக்கு மேல் வருமானம். பிரேசிலைப் பார், 2014-க்காகத் தலைநகரில் சுமார் 70,000 பேர் உட்காரும் ஸ்டேடியம் கட்டினார்கள், அந்த ஊரில் முதல் டிவிஷன் அணியே இல்லை, மறு வருஷமே அந்த வளாகத்தில் பஸ்களை நிறுத்தினார்கள். அமேசான் காட்டுக்கு நடுவே மனௌஸ் நகரில் ஒன்று, உலகக் கோப்பையில் அங்கே நடந்தது மொத்தம் நாலே ஆட்டம். "ஃபிஃபா தரத்தில் ஆஸ்பத்திரி கொடு" என்று 2013-லேயே ஜனங்கள் தெருவுக்கு வந்து கேட்டார்கள், பந்துக்காக உயிரை விடுகிற ஜனங்கள்!

கத்தார்க்காரன் கொஞ்சம் புத்திசாலி, 974 கன்டெய்னரை வைத்து, கழற்றி எடுக்கிற மாதிரி ஒரு ஸ்டேடியம் கட்டினான். 2026-இல் 48 அணி, 104 ஆட்டம், அமெரிக்கா உட்பட மூணு நாடு. இருக்கிற ஸ்டேடியங்களே அமெரிக்காவுக்குப் போதும், அதனால் அவர்களுக்கு வலிக்காது. நம்மிடம் அப்படி என்ன இருக்கிறது? நாமும் 2017-இல் 17 வயதுக்குட்பட்டோர் போட்டியை ஆறு ஊரில் நடத்தினோம் (பெங்களூருக்கு இல்லை), 13 லட்சத்துக்கும் மேல் கூட்டம் வந்தது. டெல்லியில் கொலம்பியாவுக்கு எதிராக ஜீக்சன் சிங் தலையால் முட்டிய கோலுக்கு நான் சோபாவிலிருந்து விழுந்தேன். அது அளவான செலவு, அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இங்கே வேறொரு வியாபாரம் ஓடுகிறது. நாம் கல்லை வைத்து கோல் போஸ்ட் ஆக்கிய காலி மனை இப்போது வலை போட்ட டர்ஃப் (செயற்கைப் புல் மைதானம்), ராத்திரி ஒரு மணி நேரத்துக்கு 1,500 ரூபாய். ஐடி பையன்கள் ஆளுக்கு 150 என்று ஜிபேயில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். வலைக்கு வெளியே தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் காத்திருப்பார்கள், பந்து பறந்து வெளியே வந்தால் ஓடிப் போய் எடுத்து, தங்களுக்குள் ரெண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் உள்ளே எறிவார்கள். போன வாரம் காவலாளி அவர்களை விரட்டினார். நான் அவரோடு சண்டைக்குப் போய், கடைசியில் டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானமானேன், அவரும் என்ன செய்வார், முதலாளி கேமராவில் பார்க்கிறாராம்.

அப்புறம், உன் முட்டி எப்படி இருக்கிறது? மே மாதம் பையனைக் கூட்டிக்கொண்டு வா. அந்தப் பிள்ளைகளுக்காக ஒரு மணி நேரம் நானே புக் செய்வதாகச் சொல்லியிருக்கிறேன். கீப்பர் நீதான், ஓட வேண்டியதில்லை.

அன்புடன்,
ரவி