இரண்டாவது தட்டு இல்லாமல் வந்த இசைத்தட்டு: மாற்றித் தரக் கோரும் புகார்

கோயம்புத்தூர்
06.03.2023

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்

ஐயா / அம்மா,

வணக்கம். அமெரிக்க ராக் இசைக்குழுவான வில்கோவின் 'க்ரூயல் கன்ட்ரி' இசைத்தட்டுக்கு உங்களிடம் முன்பதிவு செய்து, ரூ. 4,350 முழுவதையும் அன்றைக்கே கட்டியவன் நான். பாடல்கள் 2022 மே 27 அன்றே இணையத்தில் வெளியாகிவிட்டன. தட்டு 2023 ஜனவரியில்தான் வந்தது. அந்தத் தாமதத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை, அதைப் பற்றி எனக்கு வருத்தமும் இல்லை. பிப்ரவரி 18 அன்று பார்சல் வந்தது. அதற்குள் இருந்ததைப் பற்றித்தான் என் புகார்.

இது இரண்டு தட்டு ஆல்பம், மொத்தம் 21 பாடல்கள். முதல் தட்டை இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, அடுத்ததை எடுத்து முள்ளை வைத்தேன். திரும்பவும் முதல் பாட்டே ஓடியது. லேபிளைப் பார்த்தால் ஏ, பி என்று இருக்கிறது. முன்பு கேட்ட தட்டிலும் அதே ஏ, பி. சி, டி பக்கங்கள் உள்ள தட்டு பெட்டியிலேயே இல்லை.

தயாரித்த இடத்தில் நடந்த தவறோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் ஒரு தட்டின் மேல் விரல் தடம் தெளிவாகத் தெரிகிறது. அட்டையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளும் உங்கள் கடை ஸ்டிக்கரின் மேலாகச் சுற்றப்பட்டிருந்தது. அதாவது, பிரித்த பிரதியை உங்கள் கிடங்கில் மறுபடி மூடி, புதியது என்று எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். திரும்பி வந்த பிரதிகளைச் சரிபார்க்கும்போது தட்டுகள் மாறியிருக்க வேண்டும். படங்களை இணைத்துள்ளேன்.

உங்கள் உதவி எண்ணில் இரண்டு முறை பேசினேன். பார்சலைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருந்தால்தான் புகாரையே பதிவு செய்வோம் என்றார்கள் முதல் முறை. அடுத்த முறை பேசியவர், "பாட்டு எல்லாம் ஆப்பிலேயே இருக்கே சார், அங்கே கேட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, 300 ரூபாய் கூப்பன் தருவதாகச் சொன்னார். அவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனாலும் அந்தப் பதில் என்னை மிகவும் வருத்தியது. ஏன் என்று சொல்கிறேன்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பெல்வில் என்ற ஊரில் தொடங்கிய அங்கிள் டுபெலோ குழுதான், கன்ட்ரி எனப்படும் அமெரிக்கக் கிராமியப் பாட்டின் பழைய வடிவத்தையும், வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட பங்க் ராக்கையும் ஒன்றாகப் போட்டு, ஆல்ட்-கன்ட்ரி என்ற கலப்பு இசைக்கு வழி திறந்தது. அது 1994இல் உடைந்தபோது அதிலிருந்த ஜெஃப் ட்வீடியும் மற்றவர்களும் சேர்ந்து வில்கோவைத் தொடங்கினார்கள். பிறகு அவர்கள் கன்ட்ரியை விட்டு வெகுதூரம் போய்விட்டார்கள். 2002இல் வந்த ஆல்பத்தைக் கேட்டவர்களுக்கு அது தெரியும். இருபது வருடம் கழித்து, ஆறு பேரும் சிகாகோவில் தங்கள் சொந்த ஸ்டுடியோவில் ஒரே அறையில் உட்கார்ந்து, ஒன்றாக வாசித்துப் பதிவு செய்த ஆல்பம் இது. கன்ட்ரி என்ற சொல்லைத் தலைப்பிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஒருவர் வாசிப்பதைக் கேட்டு மற்றவர் ஒதுங்கி இடம் விடுவது தட்டில் அவ்வளவு நன்றாகக் கேட்கிறது. அதை வரிசையாக, நான்கு பக்கமும் கேட்கத்தான் எட்டு மாதம் பொறுத்திருந்தேன். ஆல்பத்தை அறிவித்தபோது அவர்கள் முதலில் வெளியிட்ட பாட்டு வரிசையில் 14ஆவது. அது என்னிடம் இல்லை. கடைசிப் பாட்டும் இல்லை.

இதே குழு 1996இல் 'பீயிங் தேர்' என்ற இரட்டை ஆல்பத்தை ஒரு சிடியின் விலைக்கே விற்க வேண்டும் என்று நின்றது. அதற்காகத் தங்களுக்கு வர வேண்டிய ராயல்டியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார்கள். கேட்பவர்கள் மேல் அவ்வளவு அக்கறை உள்ளவர்களின் தட்டை விற்கும் நீங்கள், பாதி ஆல்பத்தைக் கொடுத்துவிட்டுக் கூப்பனோடு முடித்துக்கொள்வது சரியில்லை.

நான் கேட்பது இதுதான்: இரண்டு தட்டும் சரியாக உள்ள, பிரிக்கப்படாத பிரதியை அனுப்புங்கள், பழையதை உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள். இருப்பில் இல்லை என்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். கூப்பன் வேண்டாம். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு. அது நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், அதற்குப் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடுவேன்.

அப்புறம் இன்னொன்று. என்னிடம் முதல் தட்டு இரண்டு இருக்கிறது என்றால், வேறு யாரிடமோ இரண்டாவது தட்டு இரண்டு இருக்கலாம். அவர் புகார் செய்தாரோ இல்லையோ, நீங்களாகவே தேடிப் பார்த்து அவருக்கும் மாற்றி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், தட்டுகளின் லேபிள் படங்கள், பிளாஸ்டிக் உறையின் படம்