மேசையடிக் கூடையை முதலில் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மத்திய அரசின் நகரத் தூய்மைக் கணக்கெடுப்பான ஸ்வச் சர்வேக்‌ஷன் 2024-25 பட்டியலில், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள 40 நகரங்களில் மதுரை கடைசி என்று வந்ததிலிருந்து மாநகராட்சியைத் திட்டாதவர் இல்லை. திட்டட்டும். ஆனால் பைபாஸ் ரோடு, அண்ணா நகர் அலுவலகங்களிலிருந்து இறங்கும் கறுப்புக் குப்பைப் பை ஒன்றை அவிழ்த்தால், பாதிக் கோளாறு மாடியிலேயே நடந்துவிட்டது தெரியும்.

கெடுப்பது ஈரம். 500 ஏ4 தாள் கொண்ட ஒரு கட்டு சுமார் 2.3 கிலோ. காய்ந்த வெள்ளைத் தாளைப் பழைய பேப்பர் கடையில் எடை போட்டு வாங்கிக்கொள்வார்கள். அதன்மேல் பாதி குடித்த டீயும், நூல் கட்டிய சாம்பார் கவரும் விழுந்துவிட்டால் எந்தக் கடைக்காரரும் தொடமாட்டார். நேரே மாநகராட்சியின் வெள்ளைக்கல் குப்பைக் கிடங்குதான்.

ஆகவே மேசைக்கு மேசை இருக்கும் கூடையை எடுத்துவிட்டு, தாளுக்கு மட்டும் ஓர் அட்டைப்பெட்டி வையுங்கள். மற்றவற்றை எழுந்துபோய்த்தான் போட வேண்டும். சாப்பிடும் இடத்தில் மக்குவதற்குப் பச்சைத் தொட்டி, மக்காததற்கு நீலத் தொட்டி. இரண்டுக்கும் முன்னால், மேலே வடிகட்டி வைத்த ஒரு வாளி. மிச்ச டீ, மோர், ரசம் எல்லாம் அதில் வடிந்த பிறகே தொட்டி. பலரும் விட்டுவிடுவது இந்த வாளியைத்தான். அது இல்லாவிட்டால் வண்ணத் தொட்டி எத்தனை வாங்கினாலும் தண்டச் செலவு. பார்சலைச் சுருட்டி எறியாமல் பிரியுங்கள்: இலையும் எண்ணெய்த் தாளும் பச்சைக்கு, சட்னிக் கவர் அலசியபின் நீலத்துக்கு.

பேப்பர் கப்புக்குப் பெயர்தான் பேப்பர். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் முழுதாக மக்காது, பழைய பேப்பரோடும் சேராது. 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை. பிளாஸ்க்கோடு இன்னமும் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் போதும், குடித்தவரே கழுவ வேண்டும். தாளில் உள்ள ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்க வேண்டியதில்லை, ஆலையில் கூழாக்கும்போது பிரிந்துவிடும். ஏடிஎம் சீட்டு, லேமினேட் செய்த தாள், செல்லோடேப் ஆகியவற்றைத்தான் சேர்க்கக் கூடாது.

மொட்டை மாடியில் நிழல் இருந்தால், துளையிட்ட டிரம் ஒன்றில் உரம் போடலாம். ஈரக்கழிவு ஒரு பங்குக்குச் சருகு அல்லது தென்னை நார்த்தூள் இரண்டு பங்கு. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் சொட்டக் கூடாது, கையில் ஈரம் மட்டும் ஒட்ட வேண்டும். நாறினால் காற்றுப் போகவில்லை என்று அர்த்தம். கிளறி, நார்த்தூள் சேர்க்க வேண்டும். சித்திரை வெயிலில் நேர்மாறாகக் காய்ந்து மக்குவது நின்றுவிடும், தண்ணீர் தெளிக்க வேண்டும். டீத்தூளைப் பாலும் சர்க்கரையும் போக அலசிப் போடாவிட்டால் எறும்பு மொய்க்கும். கறி எலும்பு வேண்டவே வேண்டாம்.

பெரும்பாலான இடங்களில் திட்டம் படுத்துவிடுவது லிஃப்ட் வாசலில். பிரித்துப் போட்டதை ஒரே சாக்கில் கொட்டி இறக்குவதை ஊழியர்கள் ஒருமுறை பார்த்தால் போதும், மறுநாளே பிரிப்பதை நிறுத்திவிடுவார்கள். தூய்மைப் பணியாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. கொடுத்தது ஒரு சாக்கு என்றால் அவர் என்ன செய்வார்? இரண்டு சாக்கு, இரண்டு நடை என்று பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே எழுதி, கூடுதல் நேரத்துக்குக் கூலியும் சேருங்கள். பழைய பேப்பர் விற்ற காசும் அவர்களுக்கே போகட்டும்.

இப்படிக்கு,
வாசகர், கே.கே.நகர், மதுரை