பச்சை ரிப்பன் கட்டிய கத்திரிக்கார அக்காவுக்கு

போன ஞாயிறு காலை கோத்தகிரியிலிருந்து கோடநாடு போகும் வழியில், தேயிலைத் தோட்டத்து ஓரமாகச் சிரிப்பான் குருவிக்காக உட்கார்ந்திருந்தேன். நீலகிரியையும் அதை ஒட்டிய மலைகளையும் விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. வெள்ளைப் புருவம், துரு நிற வயிறு. சத்தம் ஊரைக் கூட்டும், ஆள் மட்டும் புதரை விட்டு வராது. 400 எம்எம் லென்ஸில் கண்ணை வைத்துவிட்டால் அக்கம்பக்கம் எதுவும் தெரியாது, அதுதான் வம்பு.

"தம்பி, ஓடாதீங்க. கேமராவை எறக்குங்க. மெதுவா பின்னாடியே வாங்க."

வலது பக்கம் இருபதடியில் ஒற்றைக் காட்டுமாடு. நாலு காலிலும் வெள்ளை சாக்ஸ் போட்டதுபோல நின்று, மூக்கால் ஊதியபடி என்னையே பார்த்தது. நீங்கள் குரலை உயர்த்தவே இல்லை. சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, நான் சாலைக்கு வரும்வரை பேசிக்கொண்டே இருந்தீர்கள். "கூட்டத்தை விட்டு வந்தது, கோவக்காரன்" என்றீர்கள். சரி, அதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் ஓடியிருப்பேன்!

அப்புறம் திட்டவும் செய்தீர்கள். அதே மூச்சில், தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பேரி மரத்துக்குத் தினமும் குருவி வரும் என்று கைகாட்டிவிட்டுக் கத்திரியோடு கொழுந்து வெட்டப் போய்விட்டீர்கள். வந்தது. படத்தில் வால் கொஞ்சம் ஆடிவிட்டது, கண் மட்டும் பளிச்சென்று விழுந்திருக்கிறது.

பெயர் கேட்க மறந்துவிட்டேன். கத்திரியில் பச்சை ரிப்பன் கட்டியிருந்தது ஞாபகம் இருக்கிறது. ரொம்ப நன்றி, அக்கா. படத்தைப் பிரிண்ட் போட்டுவிட்டேன், அடுத்த ஞாயிறு கொண்டுவருகிறேன்.