எங்கள் பொம்மைகள் இடம் மாறுகின்றன: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அடுத்த மாதத்திலிருந்து உங்களுக்கு வரும் துணிப் பொம்மைகள் என் வீட்டு ஹாலில் தைத்தவையாக இருக்காது. சிறிய தொழிற்கூடம் ஒன்று தொடங்கியிருக்கிறோம். இதைக் கேள்விப்பட்டதும் உங்களில் பலர், "அப்போ இனி மெஷின் பொம்மைதானா?" என்று வருத்தத்தோடு எழுதியிருந்தீர்கள். ஆளுக்கு இரண்டு வரி பதில் போடுவதைவிட, நடந்ததை ஒரே முறையில் விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆர்டர் கூடியது உண்மை. கட்டிலுக்கு அடியில் துணிக்கட்டு, மாடிப்படியில் பஞ்சு மூட்டை என்று வீடு நிறைந்துபோனதும் உண்மை. அதையெல்லாம் இன்னும் இரண்டு வருடம் சமாளித்திருப்பேன். என்னை வீட்டைவிட்டு வெளியே வரவைத்தது ஒரு பாதி ஊசி.

எங்கள் முயல் பொம்மையைத் துவைத்துப் பிழியும்போது ஒரு தாய்க்கு விரலில் ஏதோ குத்தியிருக்கிறது. தையலைப் பிரித்துப் பார்த்தால், பஞ்சுக்குள் தையல் மெஷின் ஊசியின் உடைந்த முனை. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் என்னைத் திட்டக்கூட இல்லை. படம் எடுத்து அனுப்பிவிட்டு, "பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் எழுதியிருந்தார். அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை. அந்த ஊசி எந்த மெஷினில், எந்த நாளில், யார் கையில் உடைந்தது என்று எங்களில் யாராலும் சொல்ல முடியவில்லை. ஊசி உடைந்தால் புதிதை மாட்டிக்கொண்டு அடுத்த தையலுக்குப் போய்விடுவோம். முனை எங்கே விழுந்தது என்று தேட எங்களுக்குத் தோன்றியதே இல்லை. அனுப்பாமல் வைத்திருந்த பொம்மைகள் அத்தனையையும் அந்த வாரமே பிரித்துப் பார்த்தோம்.

இப்போது தொழிற்கூடத்தில் ஊசிக்கென்று ஒரு நோட்டு இருக்கிறது. உடைந்த துண்டுகளை எல்லாம் கொண்டுவந்து ஒட்டுப்பட்டையால் நோட்டில் ஒட்டி, பக்கத்தில் தேதியும் மெஷின் எண்ணும் எழுதினால்தான் புது ஊசி கிடைக்கும். துண்டுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது முழு ஊசியாக வர வேண்டும். ஒரு சிறு முனை குறைந்தாலும் அந்த மேசையில் இருக்கும் பொம்மைகள் எல்லாம் தனியாகப் போய்விடும். அது கிடைக்கும்வரை தையல் நிற்கும். கடைசியில் ஒவ்வொரு பொம்மையும் ஊசி கண்டுபிடிக்கும் மெஷினுக்குள் போய்வரும். அந்த மெஷின் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, 1.2 மில்லிமீட்டர் இரும்புக் குண்டு பதித்த ஓர் அட்டையை மணிக்கொரு தரம் உள்ளே விட்டுப் பார்க்கிறோம். வீட்டில் இதற்கெல்லாம் வழியே கிடையாது. நான் தைக்கும் மேசையில்தான் என் மகனும் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான்.

பொத்தான் கண் எங்கே போயிற்று என்று கேட்டவர்களுக்கு: அதை நிறுத்திவிட்டோம். பொம்மைப் பாதுகாப்புச் சோதனைக்கென்று 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளை உண்டு. அதற்குள் முழுதாக அடங்கிவிடும் எந்தத் துண்டும், மூன்று வயது நிரம்பாத குழந்தையின் பொம்மையிலிருந்து கழன்று வரக் கூடாது. வந்தால் தொண்டையில் சிக்கக்கூடும். எங்கள் பொத்தான் அதில் தாராளமாக அடங்கியது. எவ்வளவு இறுக்கித் தைத்தாலும் குழந்தை கடித்து இழுக்க இழுக்க நூல் தேயத்தான் செய்யும். ஆகவே இனி எல்லாக் கண்களும் நூல் கண்கள்தான். உடல் தையலையும் 70 நியூட்டன் விசையில், அதாவது ஏறக்குறைய ஏழு கிலோ எடையைத் தொங்கவிட்டதுபோல, இழுத்துப் பார்க்கிறோம். ஐரோப்பிய பொம்மைத் தரமான இஎன் 71 கேட்கும் அளவு அது. முதல் தடவை இழுத்தபோது எங்கள் பழைய பொம்மைகளில் சில அக்குளில் பிரிந்துவிட்டன. வீட்டில் கையால் செய்தது என்பதாலேயே அது உறுதியானது என்று நானும் நம்பியிருந்தேன்.

இனி மெஷின் எது, கை எது என்று சொல்கிறேன். உடலை முன்பும் தையல் மெஷினில்தான் தைத்தோம். துணி வெட்டுவது இப்போது பொம்மை உறுப்பின் வடிவில் செய்த வெட்டும் அச்சில் நடக்கிறது. கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டும்போது துணியின் இழை கொஞ்சம் சாய்ந்தால் ஒரு கால் நீண்டுவிடும். அந்தத் தொல்லை விட்டது. பஞ்சு அடைக்கவும் மெஷின் வாங்கினோம். அதில் ஒரு பாடம் கற்றோம். முதலில் செய்த பொம்மைகள் பார்க்க நன்றாகத்தான் இருந்தன, ஆனால் எடுத்து உட்காரவைத்தால் தலை தொங்கியது. முதல் நாளிலிருந்து என்னோடு தைக்கும் அக்காதான் கழுத்தை விரலால் அழுத்திப் பார்த்துக் கண்டுபிடித்தார். கையால் அடைக்கும்போது மரக்குச்சியை வைத்துக் கழுத்தில் பஞ்சை இடித்து இறுக்குவோம். மெஷின் எல்லா இடத்தையும் ஒரே மாதிரி ஊதி நிரப்புகிறது. இப்போது கழுத்தை மட்டும் அவர் குச்சியால் இறுக்கிவிடுகிறார், மீதி மெஷின் வேலை. முதுகில் பஞ்சு அடைக்கும் வாய் முன்பு போலவே கைத்தையலில்தான் மூடப்படும். முகமும் கைவேலைதான். ஆகவே இரண்டு பொம்மைகளுக்கு ஒரே சிரிப்பு இருக்காது.

கூடத்துக்கு இடம் பார்த்தபோது வாடகையைவிட ஜன்னலைத்தான் அதிகம் பார்த்தேன். ஜெர்மனியில் மார்கரெட் ஸ்டைஃப் என்ற பெண், சிறு வயதில் போலியோவால் கால்கள் செயலிழந்தவர், 1880-இல் யானை உருவத்தில் ஊசி குத்திவைக்கும் மெத்தை தைத்தார். குழந்தைகள் அதைப் பொம்மையாக எடுத்து விளையாட, அதிலிருந்தே ஒரு பொம்மைத் தொழிற்சாலை வளர்ந்தது. 1903-இல் அவர்கள் கட்டிய தொழிற்கூடத்துக்குச் சுவரெல்லாம் கண்ணாடி, தைப்பவர்களுக்குப் பகல் வெளிச்சம் வேண்டும் என்பதற்காக. கண்ணாடிச் சுவருக்கு எங்களுக்கு வசதியில்லை. ஆனால் முகம் தைப்பவர்கள் எல்லாரும் ஜன்னலோரம்தான் உட்காருகிறார்கள்.

வீட்டிலிருந்தபடியே தைத்துக் கொடுத்த பெண்களை விட்டுவிட்டீர்களா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. வர முடிந்தவர்கள் மாதச் சம்பளத்துக்கு வந்துவிட்டார்கள். கைக்குழந்தையையும் முதியவர்களையும் விட்டுவிட்டு வர முடியாதவர்கள் பொம்மைகளின் சட்டை, பாவாடைகளை வீட்டில் தைக்கிறார்கள். அவையும் ஊசி கண்டுபிடிக்கும் மெஷினுக்குள் போய்த்தான் வரும். ஒருவரையும் நிறுத்தவில்லை.

இட மாற்றத்தால் இந்த மாதம் முழுக்க ஆர்டர்கள் தாமதமாகும். பிறந்தநாளுக்காகக் கேட்டவர்கள் தேதியைத் தெரிவித்தால் அவற்றை முன்னால் முடித்துத் தருகிறோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எங்களிடம் முன்பு வாங்கிய பொம்மை எதுவாக இருந்தாலும், பொத்தான் கண் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அனுப்பிவையுங்கள். ஊசி கண்டுபிடிக்கும் மெஷினில் விட்டுப் பார்த்து, பொத்தான் கண் இருந்தால் மாற்றி, தையலைப் பலப்படுத்தித் திருப்பி அனுப்புகிறோம். இதற்குக் கட்டணம் கிடையாது. போக வரச் செலவும் எங்களுடையது. பொம்மையின் பெயரை ஒரு சீட்டில் எழுதி உடன் வையுங்கள். சென்ற வாரம் வந்த ஒரு யானைக்குப் பெயர் தெரியாமல், அதை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று இங்கே எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அன்புடன்,
பொம்மைக் கூடத்திலிருந்து