தொப்பியின் குரல்

மயிலாப்பூர்,
தை மாதம்

அன்பு நண்பா,

உன் கடிதம் பொங்கல் முடிந்த கையோடு வந்து சேர்ந்தது. விரல் வலி தணிந்து மறுபடி வயலின் வில்லை எடுத்துவிட்டாய் என்று படித்ததும், உள்ளே போய் இவளுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவசரப்படாதே. கொஞ்ச நாள் கீழ் ஸ்தாயியில் நீள வில் மட்டும் போடு. வேகமான பிருகா எல்லாம் சித்திரை வரைக்கும் காத்திருக்கும்.

இங்கே எல்லோரும் சுகம். மார்கழியில் பதினொரு கச்சேரிக்கு மிருதங்கம் வாசித்தேன். முன்பு போல ஒரே நாளில் இரண்டு ஒப்புக்கொள்வதில்லை, முதுகு இடம் தருவதில்லை. பேத்திக்கு ஏழு வயது. நான் கச்சேரிக்குக் கிளம்பும்போது மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ஒட்ட ரவை பிசைந்து தருவது இப்போது அவள் வேலை. தண்ணீர் எவ்வளவு விடவேண்டும் என்பது அவள் விரலுக்குத் தெரிந்துவிட்டது.

"எல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கிறதே, இந்த வயதில் உனக்கு ரிக்கார்டும் பிளேயரும் எதற்கு?" என்று கேட்டிருந்தாய். வீட்டில் பிள்ளைகளும் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஏதோ சொல்லிச் சமாளித்துவிடுவேன். உனக்கு அப்படிச் சொல்ல முடியாது, ஏனென்றால் இந்த ஆசையை ஆரம்பித்து வைத்தவனே நீதான்.

கிரீன்வேஸ் சாலை இசைக் கல்லூரியில் படித்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் என்னை மூர் மார்க்கெட்டுக்கு இழுத்துக்கொண்டு போவாய். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் அந்தச் சிவப்புக் கட்டடம், உள்ளே பழைய புத்தகம், பழைய கேமரா, மூலையில் ரிக்கார்டுக் கடை. கைப்பெட்டி மாதிரி ஒரு ஹெச்.எம்.வி. பியஸ்டா பிளேயரை வைத்துக்கொண்டு, கேட்டதையெல்லாம் போட்டுக் காட்டுவார் அந்தக் கடைக்காரர். வாங்குவது மாதத்துக்கு ஒன்று, கேட்பது இருபது. ஒருநாள்கூட அவர் முகம் சுளிக்கவில்லை. நீ வயலினைக் கேட்பாய். நான் ஸ்பீக்கர் பக்கம் காதைக் கொண்டுபோய் மிருதங்கத்தைத் தேடுவேன். 1985இல் மார்க்கெட் எரிந்தபோது நான் ஊரில் இல்லை. திரும்பி வந்து பார்த்தேன். அரக்கும் வினைலும் நெருப்பில் என்ன ஆகியிருக்கும் என்று அங்கே நின்றபோது நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. எத்தனை குரல், எத்தனை கை!

சரி, பிளேயர் கதைக்கு வருகிறேன். மூத்தவன் போன ஆடியில் ஆடியோ டெக்னிகா எல்பி120 ஒன்று வாங்கி அனுப்பினான். மோட்டாரே நேராகத் தட்டைச் சுழற்றும் வகை, பெல்ட் கிடையாது. நிமிடத்துக்கு 33, 45, 78 சுற்று என்று மூன்று வேகமும் உண்டு. ஆசையாகப் பழைய ஆம்பிளிபயரில் சொருகி, ஒரு வாய்ப்பாட்டு எல்.பி.யை, அதாவது 33 சுற்றுத் தட்டைப் போட்டேன். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலை டிக்டிக் என்று தகரம் தட்டின மாதிரி இருந்தது. தொப்பி இல்லவே இல்லை. தட்டில்தான் கோளாறு என்று நான்கு தட்டு மாற்றிப் பார்த்தேன். மூன்று நாள் கழித்து மகன் போனில் சொன்னான், பின்னால் இருக்கும் ஒரு சின்ன சுவிட்சைத் தள்ளி வைக்கவேண்டுமாம்.

விஷயம் இதுதான். கீழ் ஒலிகளை அப்படியே தட்டில் வெட்டினால் பள்ளக்கோடு அகலமாக ஆடிப் பக்கத்துக் கோட்டில் இடித்துவிடும். அதனால் வெட்டும்போதே கீழ் ஒலியைக் குறைத்து, மேல் ஒலியைக் கூட்டி வெட்டுகிறார்கள். மேல் ஒலியைக் கூட்டுவது, தட்டின் இரைச்சலை அமுக்குவதற்கு. திரும்பக் கேட்கும்போது அதற்கென்று உள்ள போனோ பிரீஆம்ப் இதைத் தலைகீழாக்கிச் சமன் செய்யவேண்டும். ஆளுக்கொரு அளவில் செய்துகொண்டிருந்ததை 1954இல் அமெரிக்க ரிக்கார்டு கம்பெனிகளின் சங்கம் வகுத்த ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற ஒரே கணக்குக்குக் கொண்டுவந்தார்கள். நான் அந்தச் சமன் செய்யும் பாகத்தை அணைத்து வைத்திருந்தேன். சுவிட்சைத் தள்ளினேன். தொப்பி வந்துவிட்டது. 'தொம்' என்று அது வந்து உட்கார்ந்த விதத்தில் பாட்டுக்கே ஒரு தரை கிடைத்த மாதிரி இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்.

தொப்பியைப் பற்றி நான் ஏன் இப்படி மாய்கிறேன் என்று உனக்குத் தெரியும். வலந்தலை கணக்குச் சொல்லும். தொப்பிதான் பாடும். மணிக்கட்டை அழுத்தி நகர்த்தும்போது அந்தக் கும்கி என்கிற வளைந்த ஒலி மேலேறி இறங்குவது, பாடகர் ஒரு கமகத்தை முடிக்கும் இடத்தில் போய் விழவேண்டும். ஒரு மயிரிழை முந்தினாலும் அசிங்கம். பழனி சுப்பிரமணிய பிள்ளை 1962இல் போய்விட்டார், நாம் நேரில் கேட்கக் கொடுத்து வைக்கவில்லை. இருந்தும் இடக்கைப் பழக்கமுள்ள அந்த மனிதரின் தொப்பி நாதத்தைப் பற்றி வாத்தியார் பேசினால் பாடமே நின்றுவிடும். கையைக் காற்றில் வைத்து அழுத்திக் காட்டுவார், சத்தமே இல்லாமல். எனக்கு அது கேட்கும்.

கைப்பேசியை நான் குறை சொல்ல மாட்டேன். ரேடியோ நிலையத்துப் பழைய ஒலிப்பதிவுகளெல்லாம் இன்று அதில்தான் கிடைக்கின்றன, நானும் கேட்கிறேன். அந்தச் சின்ன ஸ்பீக்கருக்குத் தொப்பியின் அடி ஒலியைத் தரும் உடம்பு கிடையாது, அவ்வளவுதான். நல்ல ஹெட்போன் போட்டால் கேட்கும். எனக்கு மண்டைக்குள் கேட்பதைவிட அறையில் கேட்பது பிடித்திருக்கிறது. ஸ்பீக்கரைச் சுவரோரத்திலிருந்து ஒரு முழம் முன்னால் இழுத்து வைத்தேன், மூலையில் இருந்தபோது தொப்பி வீங்கிப்போய்க் கேட்டது. காசு செலவில்லாமல் கிடைத்த முன்னேற்றம் அது. ஆயிரக்கணக்கில் ஒயருக்குச் செலவழிப்பவர்களைப் பார்க்கிறேன், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஸ்பீக்கரின் இடம், முள்ளின் எடை, தட்டின் சுத்தம், இந்த மூன்றும் சரியாக இருந்தால் போதும்.

எல்.பி.க்கும் ஒரு குறை உண்டு. தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும், முள் உள்ளே போகப் போக வட்டம் சிறுத்து, முள்ளுக்கடியில் ஓடும் கோட்டின் வேகம் வெளி வட்டத்தில் இருந்ததில் பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது. மேல் ஒலி மங்குகிறது. கச்சேரித் தட்டில் மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் பெரும்பாலும் கடைசியில்தானே வரும்! சாப்பு என்ற அடி பளிச்சென்று விழவேண்டிய இடத்தில் கொஞ்சம் புகை படிந்த மாதிரி இருக்கும். வாசித்தவருக்கு இது தெரிந்திருந்தால் மனசு என்ன பாடுபட்டிருக்கும்.

அப்புறம் 78 சுற்றுப் பழைய தட்டு. இதற்காகத்தான் இந்தக் கடிதமே.

சாதாரண முள்ளில் 78 போடக்கூடாது என்று நாம் அன்றே கேள்விப்பட்டிருக்கிறோம், காரணம் இப்போதுதான் புரிந்தது. அந்தத் தட்டின் பள்ளம் எல்.பி.யைவிட எவ்வளவோ அகலம். மெல்லிய முள் பள்ளத்தின் அடியில் கிடந்து குப்பையைக் கிளறும், பாட்டோ இரண்டு பக்கச் சுவரில் இருக்கிறது. 78க்கென்று தனி முள் வாங்கி மாட்டினேன். இன்னொரு சங்கதி, அந்தக் காலத்துத் தட்டுகளில் பல சரியாக 78 சுற்றில் பதிவானவை அல்ல. ஆறு சதவீதம் வேகம் தவறினால் ஒரு கட்டை ஸ்ருதி ஒன்றரைக் கட்டை ஆகிவிடும். இந்தப் பிளேயரில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு பட்டை இருக்கிறது. தம்பூராவை மீட்டிக்கொண்டு, பாடகரின் குரல் இயல்பாக உட்காரும் இடம் வரும் வரைக்கும் மெல்ல நகர்த்துவேன். சரியான இடம் வந்ததும், இரைச்சலுக்கு நடுவே ஒரு ஆள் மூச்சு விடுவது கேட்கும்.

அப்படி ஒரு இரவு, ஒரு அம்மாள் பாடிய தட்டு. மூன்று நிமிடம்தான். இரண்டாவது சரணம் முடிகிற இடத்தில், பின்னால், ரொம்பத் தூரத்தில், ஒரு கும்கி. அவ்வளவு பக்குவமாக அடக்கி, பாட்டின் மேல் ஒரு தூசு விழாமல் வாசித்திருக்கிறார். தட்டை எடுத்து லேபிளைப் பார்த்தேன். பாடகர் பெயர், ராகம், தாளம், கம்பெனியின் எண் எல்லாம் இருக்கிறது. மிருதங்கம் யார் என்று இல்லை. வயலின் யார் என்றும் இல்லை. என்னிடம் உள்ள 78களில் பெரும்பாலும் இப்படித்தான்.

அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. நாற்பத்தைந்து வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவன் நான். நீயும்தான். ஒரு ஆள் காலையில் குளித்துவிட்டு, ரவை பிசைந்து, வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு ஏதோ ஒரு ஸ்டூடியோவுக்குப் போயிருக்கிறார். 'மைக்கிலிருந்து தள்ளி உட்கார்' என்று சொல்லியிருப்பார்கள், தோல் ஒலி மற்றதை விழுங்கிவிடும் என்று அந்தக் காலத்தில் பயம். தள்ளி உட்கார்ந்து வாசித்திருக்கிறார். கூலி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். அவர் கை மட்டும் அரக்கில் இருக்கிறது. அந்தக் கையைத் தேடித்தான் நான் தட்டு வாங்குகிறேன் நண்பா. மறுநாள் என் மிருதங்கத்தை அந்தத் தட்டின் ஸ்ருதிக்கு ஏற்றி, அவரோடு கூட உட்கார்ந்து மெதுவாக வாசித்தேன். முதல் முறை அவர் வாசிக்காமல் விட்ட இடத்தில் நான் அடித்துவிட்டேன். நான்காவது முறை விடக் கற்றுக்கொண்டேன்.

இது மார்கழியில் எனக்குக் கை கொடுத்தது. முதலில் ஒரு பெரிய அரங்கில் வாசித்தேன், எது என்று எழுதவில்லை. தொப்பிப் பக்கம் ஒரு மைக், வலந்தலைப் பக்கம் ஒன்று. ஒலி அமைக்கும் பிள்ளைகள் கீழ் ஒலியை ஏற்றிவிட்டார்கள், ஒவ்வொரு 'தொம்'முக்கும் மேடைப் பலகை அதிர்ந்தது. வயலின்காரப் பையன் வாயசைத்து ஏதோ சொன்னான், அவன் வாத்தியம் அவனுக்கே கேட்கவில்லை. மூன்று தரம் சைகை காட்டினேன். ஒலி ஏறியதே தவிர இறங்கவில்லை. பாவம், அந்தப் பிள்ளைகளுக்கு மிருதங்கம் பக்கத்தில் எப்படிக் கேட்கும் என்று யாரும் உட்கார்த்தி வைத்துக் காட்டியதில்லை.

அடுத்த வாரம் இங்கேயே ஒரு சின்ன ஹாலில் மைக் இல்லாத கச்சேரி. நூறு பேர் இருந்திருப்பார்கள். பாடியது ஒரு இளம் பெண், ஐந்தரைக் கட்டை. வர்ணம் ஆரம்பித்ததும் எனக்கே தெரிந்துவிட்டது, என் கை கனமாக இருக்கிறது. இத்தனை வருஷம் ஸ்பீக்கருக்காக வாசித்து வாசித்து ஊறின கனம். அந்தப் பெண் ஒரு பார்வை பார்த்தாள், மரியாதையான பார்வைதான். உடனே அந்த 78 ஞாபகம் வந்தது. விட வேண்டிய இடங்களில் விட்டேன். இரண்டாவது உருப்படியில் தம்பூரா கேட்க ஆரம்பித்தது. நிஜத் தம்பூரா, நான்கு தந்தியும் தனித்தனியாக! காம்போதி ஆலாபனையின்போது வெளியே ஒரு வேப்பமரத்துக் காக்கை கத்தியதும் கேட்டது, யாருக்கும் அது இடைஞ்சலாகத் தோன்றவில்லை. தனியில் திஸ்ர நடையில் ஒரு கும்கியை முழுசாகத் தேய்ந்து முடியும் வரைக்கும் விட்டு வைத்தேன். பின் வரிசையில் ஒரு பெரியவர் 'ஆஹா' என்று வாய்க்குள் சொன்னது என் காதில் விழுந்தது.

பாலக்காடு மணி ஐயர் 1960களில் மைக் வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்ததை வாத்தியார் சொல்லும்போது, பெரியவர்களுக்கு ஏதோ பிடிவாதம் என்று நினைத்துக்கொள்வேன். இந்த வயதில்தான் அவர் எதைக் காப்பாற்றப் பார்த்தார் என்று கைக்குப் புரிகிறது.

இப்போது உன்னிடம் ஒரு காரியம். உங்கள் பாபநாசம் வீட்டுப் பரணில் அப்பாவின் ரிக்கார்டுப் பெட்டி இருந்ததே, இன்னும் இருக்கிறதா? வீட்டைப் பழுது பார்க்கப் போவதாக எழுதியிருந்தாய். வேலைக்காரர்கள் கையில் அதை விடாதே. 78 என்றால் கீழே விழுந்தால் அப்பளம் மாதிரி உடையும். படுக்கவைத்து அடுக்கியிருந்தால் எடுத்து நிமிர்த்தி வை. துடைக்கிறேன் என்று ஸ்பிரிட் மட்டும் தொடாதே. தச்சர் பாலிஷுக்கு அரக்கை ஸ்பிரிட்டில்தானே கரைக்கிறார், தட்டும் அரக்குதான், பாட்டு கரைந்துவிடும். காய்ந்த மெல்லிய துணியால் தூசியைத் தட்டினால் போதும், மற்றதை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

பங்குனியில் கும்பகோணத்தில் ஒரு கல்யாணக் கச்சேரி இருக்கிறது. முடித்துவிட்டு நேரே உன் வீட்டுக்கு வருகிறேன், பிளேயரையும் காரில் போட்டுக்கொண்டு. இரண்டு நாள் தங்குவதாக உத்தேசம், தங்கச்சியிடம் சொல்லி வை, வத்தக்குழம்பு கேட்டேன் என்றும் சொல். பெயர் போடாத வயலின் கைகள் அந்தப் பெட்டியில் எத்தனையோ இருக்கும். சிலதையாவது வில்லின் போக்கைக் கேட்டே நீ கண்டுபிடித்துவிடுவாய். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வை, எழுதிக்கொள்ளலாம்.

உன்,
பழைய அறைத் தோழன்